கலுங்கு அடைத்த நாள்

மேற்கே மலை தெரியவில்லை. காலையில் தறிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் அங்காளம்மாள் பார்த்தது அதைத்தான். மலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. ராஜபாளையத்தில் தூறல்கூட இல்லை. ஆனால் மலையில் கொட்டினால் ஆலடிக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர அரை நாள் போதும். கண்மாய் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. இனி நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகாலாகப் பாய்ந்தால் ஓடையில் வெள்ளம் போகும். ஓடையில் வெள்ளம் போனால் லாரி போகாது.

லாரி இன்றைக்குப் போயே ஆக வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ஆலடி ஓடையின் மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. சாலையை அகலமாக்கப் போகிறோம் என்று போன வருஷம், தொண்ணூற்றிரண்டு கோடையில், அதை இடித்தார்கள். ஆறு மாதத்தில் புதுப்பாலம் என்று பலகை வைத்தார்கள். இரண்டு தூண் எழுந்தது. அதன் தலையில் கம்பி கட்டினார்கள். பிறகு காண்ட்ராக்டர் பில் பாஸாகவில்லை என்றார். ஆபீஸில் டிசைன் மாறுகிறது என்றார்கள். கம்பி துருவேறியது. ஜல்லிக் குவியலில் ஆவாரஞ்செடி முளைத்துப் பூவும் பூத்துவிட்டது. அதுவரை வண்டிகள் போகட்டும் என்று ஓடைக்குள் மண்ணைக் கொட்டி ஒரு டைவர்ஷன் போட்டிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் அதில் இறங்கி ஏற முடியும்.

அந்த ஒற்றை வண்டிப் பாதை இரண்டு ஊர்களின் கழுத்தையும் பிடித்திருந்தது. பஞ்சு லாரிகள் நேரத்துக்கு வராமல் மில்களில் ஷிப்டு குறைந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துக் காய்கறி, சந்தை கலைந்த பிறகு வந்து சேர்ந்தது. அச்சு முறிந்து நொந்த லாரிக்காரர்கள் ராஜபாளையம் என்றாலே வாடகையை ஏற்றினார்கள். சிலர் வரவே மாட்டேன் என்றார்கள். அங்காளம்மாளின் பேண்டேஜ் துணி ஏற்கெனவே இரண்டு தடவை மதுரைக்குப் பிந்திப் போனது. ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு எடுக்கும் மதுரை ஏஜென்ட் போனில் கத்தவில்லை. நிதானமாகத்தான் பேசினார். நாளைக் காலையில் வடக்கே போகும் ரயில் வேகனில் இந்த லோடு ஏறவில்லை என்றால் இனி ஈரோட்டுக்காரர்களிடம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்கு வேறு ஏஜென்ட் கிடையாது. எட்டுத் தறியும் அந்த ஒரு ஆளை நம்பித்தான் ஓடின. புருஷன் அசாமில் பட்டாளத்தில் நின்று சேர்த்ததெல்லாம் அந்தத் தறிகளில்தான் இருந்தது.

வெம்பக்கோட்டை வழியாகச் சுற்றிப் போகலாமென்றால், அங்கே ஆறு தரைப்பாலத்துக்கு மேல் போவதாக விடியும்போதே சேதி வந்துவிட்டது.

லாரி டிரைவர் சேதுபதி பண்டல்களைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். "ஏத்தி முடிக்க உச்சி ஆயிரும்க்கா."

"முடிச்சதும் கெளம்பு. நான் முன்னால போயி எங்க அண்ணன்ட்ட பேசிக்கிடுதேன். ஓடையில எறங்கினா எறங்கினதுதான். எவன் சொன்னாலும் பின்னால எடுக்காத."

"கலெக்டர் சொன்னா?"

"கலெக்டரோட அப்பன் சொன்னாலும்."

"அப்பச் சரி. பின்கியரைக் கழட்டி இங்கனயே வச்சிட்டுப் போறேன். திரும்பி வந்து மாட்டிக்கிடுவோம்" என்றான் சேதுபதி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

ஆலடிப்பட்டி அவள் பிறந்த ஊர். கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு அவளுடைய அண்ணன் சுந்தரபாண்டியன்தான் தலைவர். அவர் கரைமேல் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நீர்பாய்ச்சி கருத்தையா. மடையைத் திறப்பதும் அடைப்பதும் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையோடு, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"வா தாயி. மறுகால் பாக்க வந்தியா? பொழுது சாயுறதுக்குள்ள போயிரும்" என்றார் சுந்தரபாண்டியன். முகமெல்லாம் மலர்ச்சி. நாலு வருஷம் கழித்து நிறைகிற கண்மாய்.

"போகக் கூடாதுண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கையால் கரையின் வடகோடியைக் காட்டினாள். அங்கேதான் கலுங்கு. கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய இடம். அதன் மேல் இடுப்பளவுக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். நிறைந்த தண்ணீர் அந்தக் கற்களுக்கு நடுவே புகுந்து ஓடையில் விழும். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு கல்லிடுக்குகளில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஒரு முழத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கடைசிப் பாய்ச்சலுக்கு ஆகும். அவள் கேட்டது அதைத்தான். ஆனால் இது கார்த்திகை.

"கார்த்திகையில அடைக்கிறதா?" கருத்தையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்சு விடுத ஆளோட மூக்கப் பொத்தச் சொல்லுத, தாயி."

"செத்த நேரம் பொத்துனாப் போதும்ணே. எங்க வண்டி ஏறுற வரைக்கும்."

"ஒன் துணிக்காக ஊருக் கண்மாயில கை வைக்கச் சொல்லுதியா?" என்றார் சுந்தரபாண்டியன்.

"துணிக்காக இல்லண்ணே. துணி போனா நெய்துக்கிடலாம். ஆர்டர் போனா தறியப் பழைய இரும்புக்குத்தான் போடணும். அசாமுல இருக்க அவியளுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

சுந்தரபாண்டியன் தண்ணீரைப் பார்த்தார். ஒரு முழம் கூட நின்றால் கடைமடைக்காரர்கள் இந்த வருஷம் தன்னிடம் வந்து கத்த மாட்டார்கள் என்ற கணக்கும் அந்தப் பார்வையில் இருந்தது. தங்கச்சிக்கும் அது தெரியும். அதை நம்பித்தான் அவளும் வந்திருந்தாள்.

"கரையடியில அந்தக் குழி கெடக்குய்யா" என்றார் கருத்தையா. டைவர்ஷனுக்கு மண் வேண்டுமென்று காண்ட்ராக்டரின் ஆட்கள் கரையின் வெளிப்புறத்து அடியிலேயே டிப்பர் டிப்பராகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கேட்டதற்குப் பாலம் முடிந்ததும் மூடித் தருகிறோம் என்றார்கள். "நெறஞ்ச கண்மாய அது தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

"செத்த நேரம்தானலே" என்றார் சுந்தரபாண்டியன். "வண்டி அக்கரை ஏறுனதும் பிரிச்சிரலாம்."

ஊருக்குள் இருந்த வைக்கோல் கட்டுகள் வந்தன. ஆட்கள் கலுங்கில் இறங்கி வைக்கோலைத் திரித்துத் திரித்துக் கல்லிடுக்குகளில் திணித்தார்கள். மேலே களிமண்ணை அறைந்தார்கள். அங்காளம்மாளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் சுமந்தாள். உச்சி வெயில் என்று ஒன்று அன்றைக்கு வரவேயில்லை. அடைத்து முடித்தபோது தண்ணீர் கல்லின் காலைத் தொட்டு, வழி தேடி, நின்றது.

அடுத்ததாகச் சுந்தரபாண்டியன் செய்தது, அந்த ஊரில் பிறந்த யாரும் செய்திருக்கக்கூடியதுதான். தமுக்கடிக்க ஆள் அனுப்பினார். கலுங்கைத் திறந்தாலும் அடைத்தாலும் ஓடையோரம் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் ஓடைக்குள் இருப்பார்கள். தாத்தா காலத்து ஏற்பாடு அது. ஒரு வருஷமும் தவறியதில்லை. அங்காளம்மாளுக்கும் அது தவறாகப் படவில்லை. லாரி எங்கே வந்துகொண்டிருக்கும் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆலடிக் கலுங்க அடைச்சாச்சி! மறுசொல்லு வார வரைக்கும் ஓடையில தண்ணி வராது! அம்புட்டுத்தான் சேதி!"

தமுக்குச் சத்தம் ஓடைக்கரையோடு போய் ரோட்டை எட்டியது. ரோட்டில் ஓடைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் டீக்கடைகள் இருந்தன. மழைக்குப் பயந்து, இறங்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து காத்துக்கிடந்த டிரைவர்கள் எல்லாம் அந்தக் கடைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

கரைமேல் நின்ற அங்காளம்மாளுக்கு முதலில் என்ஜின்களின் சத்தம்தான் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். பார்த்தால் ராஜபாளையம் பக்கமிருந்து லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தாற்போல் ஓடைக்குள் இறங்கின. அக்கரையிலும் அதே போல. நேரம் பார்த்தா வர வேண்டும், சேதுபதியின் லாரி அப்போதுதான் தூரத்தில் தெரிந்தது.

"ஐயோ" என்று கரையிலிருந்து இறங்கி ஓடினாள்.

ரோட்டை அடைந்தபோது சேதுபதி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவனுக்கு முன்னால் இரண்டு லாரிகள். பின்னால், அவன் முந்திக்கொண்டு வந்த வண்டிகள் முண்டின. அவளுக்கு ஒன்று தோன்றியது. அங்கே நின்ற ஆலடிப்பட்டி ஆட்களைக் கூப்பிட்டாள். "எங்க வண்டிக்குப் பொறவு ஒண்ணையும் விடாதிக. அந்த மாட்டு வண்டிய இழுத்துக் குறுக்க போடுங்க." போட்டார்கள். சாமர்த்தியமான காரியம் செய்துவிட்டதாக அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது.

ஓடையின் நடுவே இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டு நின்றன.

இந்தப் பக்கத்து முதல் லாரியில் சுண்ணாம்பு. அந்தப் பக்கத்து முதல் லாரியில் பஞ்சு. இரண்டு டிரைவர்களும் கீழே இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"நான் பாதி தாண்டிட்டேன்லா. நீ எடு."

"பாதின்னு எவன்லே அளந்தான்? ஒங்க மாமனா?"

"பஞ்சு நனைஞ்சா கனக்கும். என் சுண்ணாம்பு நனைஞ்சா என்னாகும்னு தெரியும்லா? ரெண்டு பேரும் வெந்துருவோம். எடுலே!"

சுண்ணாம்புக்காரன் சொன்னது இது. அதற்கு இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். பஞ்சு லாரிக்குப் பின்னால் ஒரு டெம்போ, அதற்குப் பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ். கண்டக்டர் இறங்கி விசில் ஊதினார். விசிலுக்கு யார் அசைவார்கள்?

அப்போதுதான் கண்மாய்க் கரையிலிருந்து கருத்தையாவின் குரல் வந்தது. சொற்கள் புரியவில்லை. துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது.

சுந்தரபாண்டியன் ஓடி வந்தார். அவர் ஓடி அங்காளம்மாள் பார்த்ததில்லை.

"குழியில கசியுது" என்றார். மூச்சு இழுத்தது. "தெளிஞ்ச தண்ணி வந்தாப் பயமில்ல தாயி. கலங்கி வருது. மண்ணக் கரைச்சிக்கிட்டு வருது. கலுங்க ஒடனே பிரிச்சாகணும்."

"பிரிச்சா?"

"பிரிச்சா இவிய அம்புட்டு வண்டியும் போச்சு. பிரிக்காம விட்டா கரை போயிரும். பொறவு வண்டியும் போகும், ஊரும் போகும்."

பஸ்ஸிலிருந்த சனம் இறங்கி, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அக்கரைச் சரிவில் கையூன்றி ஏறியது. டிரைவர்கள் இறங்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு வா என்றால் எந்த டிரைவர் வருவான்? பஸ்ஸைப் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். அக்கரை செங்குத்து, முந்தின நாள் பெய்த மழையில் வழுக்கிக் கிடந்தது. பஸ் கொஞ்சம் ஏறிப் பக்கவாட்டில் சறுக்கியது. கண்டக்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் முடியாது. இந்தப் பக்கத்து வரிசைதான் பின்னால் வர வேண்டும். கடைசி வண்டி முதலில் நகர்ந்தால்தான் அடுத்தது நகரும்.

கடைசி வண்டி அங்காளம்மாளுடையது.

"சேதுபதி, பின்னால எடுய்யா" என்றார் சுந்தரபாண்டியன்.

"மாட்டேண்ணே."

"நான் சொல்லுதேன்லே!"

"ஒங்க தங்கச்சி சொல்லட்டும். எவன் சொன்னாலும் எடுக்காதன்னு சொன்னது அதுதான்." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. சுண்ணாம்புக்காரன் அவன் தாயை இழுத்துத் திட்டினான். சேதுபதி திரும்பவேயில்லை.

அங்காளம்மாள் சரிவின் மேல் நின்றாள். பண்டல்களின் மேல் போர்த்திய தார்ப்பாய் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அக்கரை எம்புட்டுத் தூரம்? ஒரு ஆள் கல்லெறிந்தால் விழுகிற தூரம். பஸ்ஸை இருக்கிற சனமெல்லாம் சேர்ந்து மேலே தள்ளிவிட்டால்? டெம்போவைத் தூக்கி ஓரம் வைத்தால்? பஞ்சுக்காரன் மனசு மாறினால்? ஒவ்வொன்றாக யோசித்தாள். யோசிக்கிற நேரத்தில் கண்மாய்க் கரையில் ஒரு பாளம் சரிந்தது. அந்தச் சத்தம் சின்னதுதான். மேலே இருந்த ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதுதான் பெரியது.

அவள் ஓடைக்குள் இறங்கிக் கேபினின் கதவைத் தட்டினாள்.

"பின்னால எடு."

"அக்கா—"

"எடுலே!"

சேதுபதி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான். ஆட்கள் மாட்டு வண்டியையும் அதற்குப் பின்னால் நின்ற வண்டிகளையும் விலக்கினார்கள். லாரி சரிவில் பாதி ஏறியது. பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. புகை வந்தது. சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம்தான் ஆழமானது. ஆட்கள் பின்னால் நின்று கயிறு கட்டி இழுத்தார்கள். அசையவில்லை.

"வைக்கோல் கொண்டாங்க! சக்கரத்துக்கு அடியில போடுங்க!"

"வைக்கோல் ஏது? அம்புட்டும் கலுங்குலல்லா இருக்கு!"

அங்காளம்மாள் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவள் கைக்கு வரவில்லை. பல்லால் கடித்தாள்.

"ஒரு பண்டல எறக்குங்க. பிரிச்சி அடியில போடுங்க."

யாரும் நகரவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது அவர்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு இரண்டு பேர் மேலே ஏறினார்கள். பண்டல் விழுந்தது. அறுத்தார்கள். வெளுத்து, காய்ந்து, மடிப்புக் கலையாத வலைத்துணி பாளம் பாளமாகச் சேற்றில் விரிந்தது. சக்கரம் அதைக் கடித்து இழுத்துச் சுருட்டிக்கொண்டது. "இன்னொண்ணு" என்றாள். இன்னொன்றும் விழுந்தது. அதன் பிறகு அவள் சொல்லக் காத்திருக்காமல் அவர்களே இறக்கினார்கள்.

லாரி உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

அதே துணியின் மேல் அடுத்த லாரி வந்தது. அதற்குப் பிறகு சுண்ணாம்பு. வழி விட்டதும் பஞ்சு லாரி முன்பக்கமாகவே ஏறி வந்தது, பிறகு டெம்போ, கடைசியில் காலி பஸ், ஒரு பக்கம் சாய்ந்தபடி. 

தமுக்கு மறுபடி ஒலித்தது. கருத்தையாவின் ஆட்கள் கம்பியால் களிமண்ணை இடித்துத் தள்ளினார்கள். முதல் இடுக்கு பிய்த்துக்கொண்டதும் மற்றவை தாமாகவே பிய்ந்தன. தண்ணீர் கற்களுக்கு நடுவே பாய்ந்து ஓடையில் விழுந்தது. மறுகாலின் முதல் தண்ணீருக்கு ஊர்ப் பெண்கள் குலவையிடுவது வழக்கம். யாரோ ஒருத்தி தொடங்கினாள். கூடச் சேர ஆளில்லாமல் பாதியில் விட்டாள். வெள்ளம் டைவர்ஷனை முதலில் நக்கிப் பார்த்தது. பிறகு ஒரே வாய்.

பொழுது சாயும் நேரத்தில் சுந்தரபாண்டியன் அவளிடம் வந்தார். முழங்கால் வரை சேறு. குழியில் மண் மூட்டைகளை அடுக்கிக் கசிவை நிறுத்தியிருந்தார்கள்.

"கரை நின்னுட்டு, தாயி."

"சரிண்ணே."

"நான் மதுரைக்காரர்ட்ட பேசட்டுமா? வந்து கண்ணால பாக்கட்டும்."

"எப்படிண்ணே வருவாரு? ரோடுதான் இல்லயே."

அவர் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். அப்போதுதான் மழை பெய்வது அவளுக்குத் தெரிந்தது.

சேதுபதி லாரியை ராஜபாளையத்துக்குத் திருப்பினான். ஊர் எல்லை வந்ததும், "நீங்க சொல்லியிருக்காட்டா நான் எடுத்திருக்க மாட்டேன்க்கா" என்றான். அது கோபமா சமாதானமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "தெரியும்" என்றாள்.

தெரு முனையிலேயே தறிச்சத்தம் கேட்டது. எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த லோடுக்கான துணி. லாரி பாதிச் சரக்கோடு வாசலில் வந்து நின்றது உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது.

அங்காளம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஒரு செருப்பு ஓடையில் போயிருந்தது. இருந்த ஒன்றைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். முதல் தறியில் நின்ற முத்தாத்தாள் அவள் சேலையைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். தறிச்சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"போயிருச்சாக்கா?"

அங்காளம்மாள் தலையை அசைத்தாள். இல்லை. முத்தாத்தாள் தன் தறியை நிறுத்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாதிக" என்றாள் அங்காளம்மாள். "தறியில இருக்க பாவு தீருற வரைக்கும் ஓட்டுங்க."

"தீந்த பொறவு?"

"புதுப் பாவு ஏத்த வேண்டாம்."

முத்தாத்தாள் தன் தறியின் உருளையில் பாவு நூல் இன்னும் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். பக்கத்துத் தறிக்காரி என்ன என்று கேட்டாள். அவளிடம் குனிந்து காதோடு சொன்னாள். பிறகு தன் இடத்துக்கு வந்து தறியை மறுபடி ஓட விட்டாள்.